நல்ல போட்டோ ஒன்று இருக்குமா?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2009 பிப்ரவரி 9, திங்கட்கிழமை. இத்தாலியின் ஊதினே நகரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் எலுவானா எங்லாரோ என்ற பெண் அன்று மாலை இறந்துபோனார். வயது 38. அதில் கடைசி 17 ஆண்டுகள் நினைவில்லாமல் படுக்கையில் கழிந்தவை. அந்த நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாரக்கணக்கில் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் அன்றிரவு கனாலே 5 என்ற பெரிய தனியார் சேனலில் வழக்கம்போல 'பிக் பிரதர்' ஓடியது. நம் வீடுகளில் 'பிக் பாஸ்' என்று ஓடுகிறதே, அதற்கு மூலம். நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு இந்தச் செய்தியைப் போடுங்கள் என்று அந்த நிறுவனத்தில் மூத்த பொறுப்பில் இருந்த என்ரிக்கோ மென்டானா என்ற பத்திரிகையாளர் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் ராஜினாமா செய்தார். அந்தச் சேனல் யாருடையது? அப்போதைய பிரதமர் பெர்லுஸ்கோனி குடும்பத்தினுடையது. எலுவானாவுக்குக் குழாய் வழி உணவை நிறுத்தக் கூடாது என்று மூன்று நாள் முன்பு அவசரச் சட்டம் கொண்டுவரப் பார்த்தவர் அதே பெர்லுஸ்கோனிதான்.

மென்டானா செய்தது சரி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் எனக்கு வேறொரு யோசனை வந்தது. அன்றிரவு அவர் கேட்டதைக் கொடுத்திருந்தால் திரையில் எதைக் காட்டியிருப்பார்கள்? கறுத்த நீளமான கூந்தல், வாய்விட்டுச் சிரிக்கும் முகம், இருபது வயதுப் பெண்ணின் அதே சில படங்களைத்தான். ஆண்டுக்கணக்காக இத்தாலியர்கள் பார்த்தது அவற்றைத்தான். வேறு படம் வெளியே இல்லை. இல்லாமல் பார்த்துக்கொண்டவர் எலுவானாவின் அப்பா பெப்பினோ.

என்னை இங்கே பேசக் கூப்பிட்டதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். நானும் ஒரு பிள்ளையைப் படுக்கையில் வைத்திருந்து பறிகொடுத்தவன். சட்டம் படித்தவன் அல்ல, மருத்துவனும் அல்ல. இறப்பதற்கான உரிமை, கருணைக்கொலை என்று செய்தியில் வரும் விவாதங்களைப் பெற்றவன் ஒருவன் எப்படிப் பார்க்கிறான் என்று சொல்ல முடியும், அவ்வளவுதான். நான் பார்த்தவரை, ஊடகத்துக்குக் கடைசி நாள்தான் வேண்டும். பெற்றவர்கள் வாழ்ந்தது அதற்கு முந்தைய நாட்களை. அவற்றைப் பார்க்காமல் கடைசி நாளுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள், ஆதரிப்பவர்களும் சரி, எதிர்ப்பவர்களும் சரி.

எலுவானாவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1992 ஜனவரி 18 அதிகாலை, பனி உறைந்த சாலையில் கார் வழுக்கி மோதியது. அப்போது வயது 21. ஊர் லெக்கோ, மலையடிவார ஏரிக்கரை நகரம். அந்த விபத்துக்கு முந்தைய ஆண்டு அவருடைய நண்பர் ஒருவர் இதேபோல விபத்தில் சிக்கிக் கோமாவில் கிடந்தார். போய்ப் பார்த்துவிட்டு வந்த எலுவானா, எனக்கு இப்படி ஆனால் இப்படி வைத்திருக்காதீர்கள் என்று வீட்டில் சொல்லியிருந்தார். பெப்பினோவின் முழுப் போராட்டமும் இந்த ஒரு வார்த்தையின் மேல் நின்றது. என் மகள் சாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, என் மகள் சொல்லிவிட்டுப் போனதைக் கேளுங்கள் என்றுதான் அவர் நீதிமன்றப் படியேறினார். 1999இல் தொடங்கியது. ஒவ்வொரு நீதிமன்றமும் தள்ளியது. 2007 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்தது. 2008 ஜூலையில் மிலான் மேல்முறையீட்டு நீதிமன்றம் குழாய் உணவை நிறுத்த அனுமதி கொடுத்தது. அதற்கப்புறமும் லொம்பார்தி மாகாண அரசு எங்கள் மருத்துவமனை எதிலும் செய்ய விடமாட்டோம் என்றது. வேறு மாகாணத்தில் இடம் தேடி ஊதினேவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

1994 முதல் எலுவானாவைப் பார்த்துக்கொண்டவர்கள் லெக்கோவில் கன்னியாஸ்திரிகள். தினமும் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, நாற்காலியில் உட்கார வைத்தவர்கள். உங்களுக்கு அவள் இறந்தவள் என்றால் எங்களிடமே விட்டுவிடுங்கள் என்று பெப்பினோவிடம் கேட்டார்கள். இந்தச் சண்டையில் பெப்பினோவுக்கு எதிரே நின்றவர்களில் நான் கைகூப்புவது அவர்களைத்தான். அவர்கள் தொட்டுத் தூக்கியவர்கள். பேசத் தகுதி உள்ளவர்கள். மிலானில் பேராலயத்தின் முன் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிவைத்து எதிர்ப்புத் தெரிவித்தவர்களைப் பற்றி எனக்கு அந்த எண்ணம் இல்லை. எலுவானாவால் விழுங்க முடியாது என்பதுகூட அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்குமா என்று சந்தேகம்.

உணவு நிறுத்தம் தொடங்கிய அன்று பெர்லுஸ்கோனி ஒரு வார்த்தை சொன்னார். அந்தப் பெண் இன்னும் ஒரு குழந்தைகூடப் பெற்றுக்கொள்ள முடியும் என்கிற பொருளில். அவர் மனதில் இருந்தது யார்? பத்திரிகையில் வந்த அந்தச் சிரித்த முகம். கட்டிலில் இருந்தவரை அவர் பார்த்ததே இல்லை. பெப்பினோ பிரதமரையும் குடியரசுத் தலைவர் நபோலிதானோவையும் அழைத்தார்: தனியாக வாருங்கள், என் மகளை நேரில் பாருங்கள் என்று. இப்போதைய நிலையில் ஒரு படத்தை வெளியிட்டால் பாதி நாடு உங்கள் பக்கம் வந்துவிடும் என்று அவரிடம் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். வெளியிடவில்லை. கடைசி நாட்களில் ஒரு பெண் செய்தியாளரை, கேமரா இல்லாமல், உள்ளே விட்டார். அவர் வெளியே வந்து கண்டதைச் சொன்னார். அவ்வளவுதான். வழக்கில் ஜெயிக்க உதவும் ஆயுதம் கையில் இருந்தும் அதை எடுக்காமல் நின்ற மனிதர். அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட நபோலிதானோ மறுத்தார். உடனே மசோதாவாக நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். செனட்டில் அது விவாதத்தில் இருக்கும்போதே இறந்த செய்தி வந்தது. 'கொன்றுவிட்டார்கள்' என்று அவைக்குள் கூச்சல். பெப்பினோ மீது கொலை விசாரணைகூட நடந்தது. அடுத்த ஆண்டு கைவிட்டார்கள்.

இப்போது என் வீட்டுக் கதை. பெயர் சொல்லப்போவதில்லை. அவன் அம்மா வேண்டாம் என்றிருக்கிறாள். பைக்கில் போனவன். தலையில் அடி. உயிர் பிழைத்தான், நினைவு திரும்பவில்லை. கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய், உணவுக்கு மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப், சிறுநீருக்குக் கதீட்டர், இத்தனையோடு ஒரு நாள் டிஸ்சார்ஜ் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

காலையில் முதல் ஃபீட். ராகிக் கஞ்சியைத் துணியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். ஒரு திப்பி போனாலும் டியூப் அடைத்துக்கொள்ளும். தலைமாட்டை உயர்த்தி, பெரிய சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, குழலை உயரப் பிடித்து ஊற்றினால் கஞ்சி தானாக இறங்கும். அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அலசி மூட வேண்டும். உடனே படுக்க வைத்தால் நெஞ்சுக்கு ஏறிவிடும். பிறகு சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன். அந்த மெஷின் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களே பழகிப்போனார்கள். இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் போட வேண்டும், ராத்திரியும்தான். ஏர் பெட் இருந்தும் இடுப்புக்குக் கீழே புண் வந்தது. புண்ணைப் பார்த்ததும் அவன் அம்மா பயப்படவில்லை, கோபப்பட்டாள். தன் வேலையில் யாரோ குற்றம் கண்டுபிடித்துவிட்டதுபோல.

2018 மார்ச்சில் சிகிச்சையை நிறுத்துவது பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது அல்லவா, அந்த வாரம் ஒரு தொலைக்காட்சியிலிருந்து வந்தார்கள். சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். முதலில் கேட்டது: "சார், விபத்துக்கு முன்னாடி எடுத்த நல்ல போட்டோ ஒண்ணு இருக்குமா?" அடுத்தது என் மனைவியிடம்: "அம்மா, நீங்க அவர் பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சுக்குங்க." அவள், "இரு தம்பி, சளி கட்டியிருக்கு, எடுத்துட்டு வர்றேன்" என்று சக்ஷன் மெஷினைப் போட்டாள். உடனே கேமராவை அணைக்கச் சொன்னான். "அது வேணாம்மா, பாக்குறவங்க பயந்துருவாங்க." அவள் வேலையை முடித்துக் கை கழுவிவிட்டு வந்த பிறகு மறுபடி கேமரா ஓடியது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்தக் காட்சி ஒளிபரப்பானது. கோர்ட் வாசலையே மிதிக்காத எங்களைக் கருணைக்கொலை கேட்கும் பெற்றோர் என்று கீழே எழுத்தில் ஓடவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு உறவுக்காரர்கள் போன் செய்ததை எல்லாம் இங்கே சொல்லி நேரத்தைக் கெடுக்கவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. மறுபடியும் ஐசியூ, வென்டிலேட்டர் வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் டாக்டரிடம் சொன்னோம். வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். மூச்சு வாங்கும்போது மார்ஃபின் கொடுத்தார்கள். அவன் அம்மா புரட்டிப் போடுவதையும் வாய் துடைப்பதையும் கடைசி வரை நிறுத்தவில்லை. கருமாதி அன்று ஒருவர், "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமே" என்றார். இன்னொருவர், "போகட்டும், அவனுக்கும் விடுதலை, உங்களுக்கும் விடுதலை" என்றார். முன்னவரைவிடப் பின்னவர் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. இன்றும் போகவில்லை.

படத்தைக் கொடுக்காத அப்பாவைச் சொன்னேன். கொடுத்த பெற்றோரையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் டெரி ஷைவோ. 1990இல் 26 வயதில் திடீரென்று இதயம் நின்று மூளை சேதமானவர். குழாய் உணவை நிறுத்த வேண்டும் என்று கணவர் கேட்டார், கூடாது என்று பெற்றோர் போராடினார்கள். பெற்றோர் தரப்பு வெளியிட்ட வீடியோ உலகம் முழுக்க ஓடியது: ஒரு பலூனை டெரியின் கண்கள் தொடர்வதுபோல, அம்மாவைப் பார்த்துச் சிரிப்பதுபோல. நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்த பதிவிலிருந்து வெட்டியெடுத்த சில நிமிடத் துண்டுகள் அவை. இதயநோய் அறுவை மருத்துவராக இருந்து அரசியலுக்கு வந்த, செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஒருவர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, நோயாளியைத் தொடாமலே, மருத்துவர்கள் சொன்ன நிலையைச் சந்தேகித்துப் பேசினார். ஒரே ஒரு பெண்ணுக்காக அமெரிக்க காங்கிரஸ் ஞாயிறு இரவு கூடிச் சட்டம் போட்டது. நள்ளிரவு தாண்டி அதிபர் புஷ் கையெழுத்திட்டார். நீதிமன்றங்கள் அசையவில்லை. 2005 மார்ச் 31 அன்று டெரி இறந்தார். பிரேதப் பரிசோதனையில் மூளையின் எடை இருக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதிதான் என்று தெரிந்தது. பார்வைக்கான பகுதியும் அழிந்துபோயிருந்தது. பலூனைப் பார்த்திருக்கவே முடியாது.

இதைப் படித்துவிட்டு அந்த அம்மாவைப் பொய்க்காரி என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஜன்னல் கதவைத் திறந்தால் என் மகன் கண் அந்தப் பக்கம் திரும்பும். அது அனிச்சைச் செயல் என்று நியூரோ டாக்டர் படம் போட்டு விளக்கியிருக்கிறார். விளக்கம் எனக்குப் புரிந்தது. மறுநாள் காலையும் ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். டெரியின் அம்மா மேரி ஷிண்ட்லர் பார்த்ததை அவர் பார்த்தார். அதில் நான்கு நிமிடத்தை வெட்டியெடுத்து ஊரெல்லாம் ஓடவிட்டது வேறு ஆட்களின் வேலை.

இதுவரை சொன்னதெல்லாம் சிகிச்சையை நிறுத்துவது, அல்லது தொடங்காமல் இருப்பது. இறக்க உதவுவது வேறு. மருத்துவர் மருந்து எழுதித்தர, நோயாளி தானே குடிப்பது. அமெரிக்காவில் ஆரெகன் மாநிலத்தில் 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் இது குற்றம். நம் செய்திகளில் இரண்டும் ஒரே பெயரில், ஒரே கிராஃபிக்ஸ் மெழுகுவர்த்தியோடு வருகின்றன. தலைக்கூத்தலையும் அதே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். விருதுநகர்ப் பக்கம் முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துச் சாகவிட்டார்களே, அந்த முதியவரை யாராவது கேட்டார்களா? 'பாரம்' படத்தில் பிரியா கிருஷ்ணஸ்வாமி அதைக் கொலை என்றே காட்டினார். அந்த நேர்மை நம் செய்தி அறைகளில் இல்லை.

ஆரெகனுக்குப் போன பிரிட்டனி மேனார்டை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். மூளைப் புற்றுநோய். கலிஃபோர்னியாவில் இருந்தவர், அங்கே சட்டம் இல்லாததால் வீடு மாறி ஆரெகன் போனார். 2014 நவம்பர் 1, 29 வயதில் மருந்து குடித்து இறந்தார். அதற்குச் சில வாரம் முன்பு அவர் பேசிய வீடியோ லட்சக்கணக்கானோர் பார்த்தது. அழகான பெண், மலை, கல்யாணப் படங்கள். அவருடைய அம்மா டெபி ஸீக்லர் பிறகு ஒரு புத்தகம் எழுதினார், மகள் விரும்பிய சட்டத்துக்காக மேடை மேடையாகப் பேசினார். 2015இல் கலிஃபோர்னியாவும் சட்டம் போட்டது. தானே யோசித்து, தானே பேசி, தானே குடித்த பெண்ணை வேண்டாம் என்று தடுக்க எனக்கு அதிகாரம் இருப்பதாக நினைக்கவில்லை. என் மகனுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை, அதனால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று ஊகிக்கவும் மாட்டேன்.

ஆனால் சினிமாவைப் பற்றி எனக்குச் சண்டை உண்டு. 'குஸாரிஷ்' என்று 2010இல் இந்திப் படம். ஹிருத்திக் ரோஷன் கழுத்துக்குக் கீழே அசையாத மந்திரவாதி. கோவாவில் மாளிகை, கூடவே அழகான நர்ஸ், கடைசியில் விருந்து வைத்து விடைபெறுகிறார். அதில் ஒரே ஒரு காட்சி எங்கள் வீட்டுக் காட்சி: ராத்திரி கூரை ஒழுகி நெற்றியில் சொட்டுச் சொட்டாக விழுகிறது, விலகிப் படுக்க முடியாது, கூப்பிட்டால் கேட்க யாரும் இல்லை. அந்த ஒரு காட்சிக்காக அந்த இயக்குநரை மன்னிக்கலாம். 2016இல் வந்த 'மீ பிஃபோர் யூ' ஆங்கிலப் படத்தை எதிர்த்து மாற்றுத்திறனாளிகள் திரையரங்க வாசலில் நின்றார்கள். எங்களைப்போல ஆகிவிட்டால் செத்துவிடுவதுதான் கண்ணியம் என்று காட்டுகிறாயே என்று கேட்டார்கள். 2024இல் லிஸ் கார் என்ற நடிகை பிபிசியில் வழங்கிய ஆவணப்படமும் இதே கேள்விதான். சக்கர நாற்காலியில் இருப்பவர். இந்தக் கேள்விக்குச் சட்டத்தை ஆதரிப்பவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். என் மகன் இருந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி இருக்கிறதுக்கு..." என்று பாதியில் நிறுத்தியவர்கள் நிறையப் பேர். அந்த மீதி வாக்கியம்தான் அந்தப் படங்களின் கதை.

நம் நாட்டுச் சட்டம் ஒரு பெற்றோரின் வழக்கில் பிறக்கவில்லை. மும்பை கேஇஎம் மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக். 1973 நவம்பரில் அதே மருத்துவமனை ஊழியன் ஒருவனால் தாக்கப்பட்டவர். 2015 மே 18 வரை அங்கேயே படுக்கையில் இருந்தார். உணவை நிறுத்த அனுமதி கேட்டவர் எழுத்தாளர் பிங்கி விரானி. கூடாது என்றவர்கள் அந்த மருத்துவமனை நர்ஸுகள். 2011 மார்ச் 7 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நர்ஸுகள் பக்கம் நின்றது, அதே மூச்சில் மற்றவர்களுக்கு உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை நிறுத்த வழியும் விட்டது. லெக்கோ கன்னியாஸ்திரிகளைப் போலத்தான் இந்த நர்ஸுகளும். தலைமுறை தலைமுறையாக, பணியில் புதிதாகச் சேர்ந்த பெண்கள்கூட அருணாவைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களை யாரும் நாயகிகளாக வைத்துப் படம் எடுக்கவில்லை.

2018 மார்ச் 9 தீர்ப்பு, என் வீட்டுக்குக் கேமராவைக் கொண்டுவந்த தீர்ப்பு, எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை உயில்போல முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. ஆனால் மாஜிஸ்திரேட் கையெழுத்து, கலெக்டர் அமைக்கும் குழு என்று யாரும் ஏற முடியாத படிக்கட்டு. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி போதும். மருத்துவமனையிலேயே இரண்டு குழு பார்த்து முடிவு செய்யும். எழுதுவதற்கு அதிக நேரம் ஆகாது. நானும் என் மனைவியும் எழுதிவிட்டோம். ஆனால் எழுதியதை நிறைவேற்ற வலியடக்கும் மருத்துவம் ஊருக்குள் இருக்க வேண்டும். 1985 போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் மாத்திரை கிடைக்காமல் எத்தனையோ பேர் துடித்தார்கள். 2014இல்தான் சட்டத்தைத் தளர்த்தினார்கள். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய அந்தச் சேவை இன்று வீடு வீடாகப் போகிறது. நம்மிடம் சில ஊர்களில் இருக்கிறது, பல ஊர்களில் இல்லை. வலியோடு கிடப்பவனிடம் போய், உனக்குச் சாக விருப்பமா என்று கேட்பது கேள்வியே இல்லை.

கடைசியாக கேரன் ஆன் குவின்லன். நியூ ஜெர்சி, 1975. எலுவானாவைப் போலவே 21 வயது. ஜோசப், ஜூலியா என்ற பெற்றோர் மகளின் வென்டிலேட்டரை எடுக்க அனுமதி கேட்டார்கள். பத்திரிகைகள் கேரனின் பள்ளிக்கூட ஆண்டுமலர் படத்தைப் போட்டன. தற்போதைய படம் கிடைக்காததால் ஓவியர்களை வைத்து, கூந்தலை விரித்துத் தூங்கும் இளவரசியைப்போல வரைந்தார்கள். உண்மையில் கேரன் உடல் சுருங்கி, கைகால் மடங்கிக் கிடந்தார். படம் எடுக்க ஆசைகாட்டியவர்கள் பலர், பெற்றோர் இடம் கொடுக்கவில்லை. 1976 மார்ச் 31 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. வென்டிலேட்டரை எடுத்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, கேரன் சாகவில்லை, தானே மூச்சு விட்டார். உணவுக் குழாயையும் எடுத்துவிடலாமே என்று கேட்டபோது ஜோசப் ஒப்பவில்லை. அது என் மகளின் சாப்பாடு என்பது அவர் நிலை. மகளைக் கொல்லப் பார்க்கிறார் என்று எழுதியவர்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்களோ. கேரன் 1985 ஜூன் 11 வரை இருந்தார். அந்த ஒன்பது ஆண்டுகள் ஜோசப் தவறாமல் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராக்கள் எப்போதோ ஊரைவிட்டுப் போயிருந்தன.

பெற்றோர் எழுதிய புத்தகத்துக்கும், அவர்கள் கதையை வைத்து எடுத்த தொலைக்காட்சிப் படத்துக்கும் வந்த பணத்தை வைத்து, மகள் படுக்கையில் இருக்கும்போதே 1980இல், இறக்கும் நிலையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். மகள் பெயரில் இன்றும் நடக்கிறது. நர்ஸுகள் வீட்டுக்கே வந்து வலிக்கு மருந்து கொடுத்து, பராமரிப்பவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

முன்கூட்டி எழுதி வைக்கும் படிவத்தின் நகல்கள் நூலகர் மேஜையில் இருக்கின்றன. பத்திரிகைத் தம்பிகள் இரண்டு பேர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். என் மகன் போட்டோ தவிர வேறு எதைக் கேட்டாலும் சொல்கிறேன்.